ஆராய்ச்சிச் செய்திகளைப் படிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

வாரம் தவறாமல் ஏதாவது ஒரு 'புரட்சி' செய்தியாக வந்துவிடுகிறது. அல்சைமர் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து, முதுமையைத் தள்ளிப்போடும் மூலக்கூறு, இழப்பே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் அப்பட்டமான பொய் குறைவு. ஆய்வு நடந்திருக்கும், கட்டுரை வெளியாகியிருக்கும், எண்களும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கல் எங்கே என்றால், ஆய்வாளர் அளந்தது ஒன்று, தலைப்பில் நாம் படிப்பது வேறொன்று. எதை அளந்தார்கள், எதில் அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்கப் பழகிவிட்டால், அந்தத் துறை தெரியாதவர்கூட இந்தச் செய்திகளை ஓரளவு எடைபோட்டுவிடலாம்.

எலியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது

"புற்றுநோய் செல்களை அழிக்கிறது" என்கிறார்கள். அந்தச் செல்கள் யாருடைய உடலில் இருந்தன? பல நேரம் யாருடைய உடலிலும் இல்லை, ஆய்வகத் தட்டில் இருந்தன. தட்டில் வளரும் செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. உப்புக் கரைசலைச் செறிவாக ஊற்றினாலே செத்துவிடும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லைத் தொடாமல், கல்லீரலைக் கெடுக்காமல், போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டிய அளவில் போய்ச் சேர்வதுதான் மருந்துக்குக் கஷ்டமான வேலை. அதைத் தட்டில் பார்க்க முடியாது.

எலியில் பலித்தது என்றால் ஒரு படி மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்தை எட்டிய மருந்துகளிலேயே ஏறத்தாழ பத்தில் ஒன்பது கடைசியில் ஒப்புதல் பெறுவதில்லை. குரங்கில் பாதுகாப்பாக இருந்ததுகூட உத்தரவாதம் ஆகாது. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முறையாக மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். அப்படியும் மருந்து ஏற்றப்பட்ட ஆறு ஆரோக்கியமான தன்னார்வலர்களும் சில மணி நேரங்களில் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். நல்லவேளை, அறுவருமே பிழைத்தார்கள். அந்த மருந்து பற்றிக்கொள்ளும் மூலக்கூறு, மனிதர்களின் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் உள்ள ஒருவகை நினைவு டி செல்களின் மேல் இருக்கிறது. சோதித்த குரங்குகளின் அதே வகைச் செல்களில் இல்லை. இது பின்னால் நடந்த ஆய்வுகளில்தான் தெரிந்தது.

எனவே 'எலிகளில்', 'செல்களில்' என்ற சொல் செய்தியில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது பத்தியில் ஒளிந்திருக்கும்.

சதவீதத்தோடு நின்றுவிடுவது

லெகானமாப் என்ற அல்சைமர் மருந்து நோய் மோசமாவதை 27 சதவீதம் குறைத்தது என்று 2022இல் செய்தி வந்தது. கணக்கு சரிதான். 1,795 பேரை 18 மாதம் கவனித்தார்கள். நினைவாற்றலையும் அன்றாடச் செயல்பாட்டையும் 0 முதல் 18 வரை மதிப்பிடும் ஓர் அளவுகோல் பயன்பட்டது. மதிப்பெண் கூடினால் நோய் கூடியிருக்கிறது என்று அர்த்தம். மருந்து எடுத்தவர்கள் 1.21 புள்ளி மோசமானார்கள், வெறும் பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத போலி மருந்து எடுத்தவர்கள் 1.66 புள்ளி. வித்தியாசம் 0.45. இந்த 0.45ஐ 1.66ஆல் வகுத்தால் 27 சதவீதம். இரண்டுமே உண்மை. ஆனால் "18 புள்ளி அளவுகோலில் அரைப் புள்ளிக்கும் குறைவு" என்று தலைப்பு வந்திருந்தால் எத்தனை பேர் பகிர்ந்திருப்பார்கள்? மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. மற்ற குழுவில் இரண்டு பேருக்கும் குறைவு. நோயாளிக்கு இது பயன்படுமா என்ற முடிவை எடுக்க இத்தனையும் வேண்டும். 27 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பயமுறுத்தும் செய்திகளிலும் இதே வேலை நடக்கிறது. பதப்படுத்திய இறைச்சியைத் தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொன்னது. நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்து ஏறத்தாழ ஆறாகும். நூற்றில் பதினெட்டு பேருக்கு வரும் என்று படித்தவர்கள் ஏராளம். அதைவிடப் பெரிய குழப்பம், இறைச்சியும் புகையிலையும் ஒரே பட்டியலில் இருந்ததால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பரவியது. 'புற்றுநோயை உண்டாக்கும்' என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த முகமை வகைப்படுத்துகிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பது அந்தப் பட்டியலில் இருக்காது.

ரிப்போர்ட் நன்றாக இருந்தால் ஆளும் நன்றாக இருக்கிறார் என்று நம்புவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான். படித்தவர்கள், மருத்துவர்கள் உட்பட, இதில் விழுந்திருக்கிறார்கள்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத்துடிப்பு சீரில்லாமல் இருந்தால் திடீர் மரணத்துக்கு வாய்ப்பு அதிகம். அப்படியானால் துடிப்பைச் சீராக்கும் மருந்தைக் கொடுத்தால் மரணம் குறைய வேண்டும் அல்லவா? தர்க்கத்தில் ஓட்டையே தெரியவில்லை. என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்ற மருந்துகளை அமெரிக்காவில் பெருமளவு எழுதிக் கொடுத்தார்கள். 1980களின் இறுதியில் ஒருவழியாக முறையான சோதனை நடந்தது. அதிலும் ஒரு கவனம் எடுத்துக்கொண்டார்கள்: இந்த மருந்துகளால் யாருக்குத் துடிப்பு உண்மையிலேயே சீரானதோ அவர்களை மட்டும் சேர்த்து, அதில் பாதிப் பேருக்கு மருந்தையும் பாதிப் பேருக்குப் பிளாசிபோவையும் கொடுத்தார்கள். சராசரியாகப் பத்து மாதம் கவனித்தபோது, மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். பிளாசிபோ எடுத்த 743 பேரில் 26 பேர். இசிஜியைச் சரிசெய்த மருந்து ஆளைக் கொன்றிருக்கிறது.

பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்தும் பாடம் முழுதாக ஏறவில்லை. 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல்லை டார்செட்ராபிப் என்ற மருந்து 70 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. எந்த ஆய்வகமும் பொறாமைப்படும் ரிப்போர்ட். ஏறத்தாழ 15,000 பேரிடம் நடந்த சோதனையை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. மருந்து எடுத்தவர்களில் இறப்பும் மாரடைப்பு போன்ற இதய நோய் நிகழ்வுகளும் கூடிவிட்டன.

எனவே ஒரு மருந்து சர்க்கரையைக் குறைத்தது, கட்டியைச் சுருக்கியது, ஏதோ ஒரு புரதத்தின் அளவைக் கூட்டியது என்று படித்தால், அப்புறம் என்ன ஆனது என்று பாருங்கள். நீண்ட நாள் வாழ்ந்தார்களா, மருத்துவமனைக்குப் போவது குறைந்ததா, நடமாட்டம் மேம்பட்டதா? இதற்குப் பதில் இல்லையென்றால் ஆய்வு பாதி வழியில் நிற்கிறது.

பொறியியலிலும் இதே கதைதான். 2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் அணுக்கரு இணைவின் மூலம், உள்ளே செலுத்தியதைவிட அதிக ஆற்றல் வெளியே வந்தது. உள்ளே 2.05 மெகாஜூல், வெளியே 3.15 மெகாஜூல். பெரிய சாதனை, சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த 2.05 என்பது எரிபொருள் வில்லை இருந்த சிறு கலனைப் போய்ச் சேர்ந்த லேசர் ஒளி மட்டும். அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல். கணக்கின் எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது லாபம், அல்லது நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு நஷ்டம். விஞ்ஞானிகள் இதை மறைக்கவில்லை. "இனி மின்சாரம் இலவசம்" என்று எழுதியவர்களுக்குத்தான் எல்லைக்கோடு தெரியவில்லை.

சிலிக்கானுக்குப் பதில் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளில் செய்யும் சூரிய மின்கலங்களும் அப்படித்தான். 2009இல் 3.8 சதவீதமாக இருந்த செயல்திறன் இன்று 25ஐத் தாண்டிவிட்டது. இந்தச் சாதனைகள் பெரும்பாலும் விரல் நகத்தைவிடச் சிறிய கலங்களில் அளந்தவை. பரப்பு பெரிதானால் திறன் இறங்குகிறது, ஈரமும் வெப்பமும் பட்டால் பொருளே சிதைகிறது. சிலிக்கான் பலகைகள் 25 வருட உத்தரவாதத்தோடு விற்கின்றன. கூரையில் போடுபவருக்கு வேண்டிய எண் அந்த ஆயுள்தான்.

சேர்ந்து வருவதைக் காரணம் என்பது

இது பழைய எச்சரிக்கைதான், அதனால் ஒரே உதாரணம். இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்ததைப் பார்த்து, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அவர்களின் மற்ற பழக்கங்களும் வேறாக இருக்கலாம். அவர்களைக் காத்தது அந்த ஒரு பொருள்தான் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிசகு.

கணிப்பையும் அளவீட்டையும் ஒன்றாக்குவது

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்தத் தவறு பெருகிவிட்டது. 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தை ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்துக் கொடுத்திருக்கிறது. 2024இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி அதற்காகவே கிடைத்தது. ஆனால் அவை கணிப்புகள். ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பெண்ணையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். நம்பகம் குறைந்த பகுதியை வைத்து மருந்து வடிவமைத்துவிட்டதாகச் சொன்னால் சற்றுப் பொறுங்கள்.

மருத்துவப் படங்களை 'மருத்துவரைவிடச் சரியாக' வாசிக்கும் மென்பொருள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளை 2018இல் ஆராய்ந்தபோது, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை அது கண்டுபிடித்துவிடுவது தெரிந்தது. ஒரு மருத்துவமனையின் படங்களில் மூன்றில் ஒரு பங்கு நிமோனியா, மற்ற இடங்களில் நூற்றுக்கு ஒன்று. அப்படியிருக்க, மருத்துவமனையை அடையாளம் கண்டாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது, நுரையீரலைப் பார்க்க வேண்டியதில்லை! பழகிய இடத்துக்கு வெளியே சோதித்தபோது துல்லியம் இறங்கியதில் ஆச்சரியமில்லை. இப்படியான செய்திகளில் நான் முதலில் தேடுவது, கற்றுக்கொடுத்த இடத்துக்கு வெளியே, வேறொரு மருத்துவமனையில் சோதித்தார்களா என்பதைத்தான்.

முதல் கட்டுரையையே முடிவாகக் கொள்வது

2023 ஜூலையில் தென்கொரிய ஆய்வாளர்கள் எல்கே-99 என்ற பொருள் சாதாரண வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளாக இருப்பதாக அறிவித்தார்கள். காந்தத்தின் மேல் அது பாதி மிதக்கும் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. வந்தது பிரிபிரிண்ட், அதாவது சக ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன் பொதுவில் போடப்பட்ட கட்டுரை. சில வாரங்களிலேயே பல நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்த்துவிட்டன. மின்தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம் கலப்படமாக இருந்த தாமிர சல்ஃபைடு. சுமார் 104 டிகிரி செல்சியஸில் அது வடிவம் மாறுகிறது. கலப்படமில்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்தால் அது மின்கடத்தாப் பொருள்! இதை அறிவியலின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே மாதத்தில் இவ்வளவு தெளிவாக முடிவு கிடைப்பது அபூர்வம்.

மருத்துவ உயிரியலில் அவ்வளவு வேகம் கிடையாது. புற்றுநோய் உயிரியலில் பெயர்பெற்ற 53 கட்டுரைகளில் இருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்து பார்க்க ஒரு குழு முயன்றது. 2021இல் வந்த முடிவின்படி, செய்து முடிக்க முடிந்தது 23 கட்டுரைகளின் 50 சோதனைகள்தான். கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சோதனையைக்கூட வடிவமைக்க முடியவில்லை, அவ்வளவு விவரம் விடுபட்டிருந்தது. செய்ய முடிந்தவற்றில் விளைவின் அளவு முதலில் சொன்னதைவிட, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பின்படி, 85 சதவீதம் சிறியதாக இருந்தது. சக ஆய்வாளர் மதிப்பாய்வைத் தாண்டி வந்த கட்டுரைகளின் நிலை இது.

எல்லாப் பழியையும் பத்திரிகையாளர் மேல் போடுவது

பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை 2014இல் ஆய்வு செய்தார்கள். கட்டுரையில் உள்ளதைவிட மிகைப்படுத்திய அறிவுரை 40 சதவீதத்தில் இருந்தது. விலங்கு ஆய்வை மனிதருக்கு மிகையாகப் பொருத்திப் பேசியவை 36 சதவீதம். மிகை பல்கலைக்கழக வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே 'பல்கலைக்கழகமே சொல்லியிருக்கிறது' என்பது கூடுதல் சான்று ஆகாது. முடிந்தால் கட்டுரையின் சுருக்கத்தையாவது நேரடியாகப் படியுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு "இவர்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவதும் தவறுதான். செல்லுக்குள் புரதம் செய்யும் குறிப்பை எடுத்துச் செல்லும் எம்ஆர்என்ஏ மூலக்கூறு பற்றிய காரிகோ, வெய்ஸ்மன் இருவரின் முக்கியமான கட்டுரை 2005இல் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பதினைந்து வருடம் கழித்துக் கோவிட் தடுப்பூசியாக வந்தது, 2023இல் நோபலும் கிடைத்தது. 2012இல் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை பற்றிப் பேசியதில் மிகை நிறைய இருந்தது. ஆனாலும் 2023 நவம்பரில் அரிவாள் செல் சோகைக்கான கிரிஸ்பர் சிகிச்சைக்கு பிரிட்டன் ஒப்புதல் கொடுத்தது. நடுவில் பதினோரு வருடம் ஓடியிருந்தது.

இன்னும் ஒன்று. பழைய கட்டுரையை யாராவது ஆதாரமாகக் காட்டினால் அது திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்தது 12 குழந்தைகள்தான். அதை லான்செட் ஆய்விதழ் திரும்பப் பெற்றது 2010இல். இன்றைக்கும் அதைச் சான்றாக நீட்டுகிறார்கள். ஆய்விதழின் தளத்தில் அந்தக் கட்டுரையைத் திறந்தாலே, திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு மேலேயே இருக்கும்.