வேலையில் இருக்கும்போதே 65: மெடிகேரில் எப்போது சேர்ந்தேன்

அமெரிக்காவில் 65 வயதானால் மெடிகேர் என்ற அரசு மருத்துவ இன்ஷூரன்ஸில் சேரலாம். எனக்கு 65 ஆனபோது வேலையை விடும் எண்ணம் இல்லை. எச்.ஆரிடம் முதலில் கேட்டது, கம்பெனியில் 20 பேராவது இருக்கிறார்களா என்பதுதான். இருந்தால் கம்பெனி இன்ஷூரன்ஸ்தான் முதலில் பணம் கொடுக்கும். மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-யை அபராதம் இல்லாமல் தள்ளிப்போடலாம். சரி, தள்ளிப்போட்டேன்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ இலவசம்தானே என்று பலர் உடனே எடுத்துவிடுகிறார்கள். எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் பணம் சேர்க்கும் கணக்கு) இருந்தால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 65 தாண்டி எடுத்தால் பார்ட் ஏ 6 மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும்; அந்த மாதங்களில் எச்.எஸ்.ஏ.வில் போட்ட பணத்துக்கு வரிச் சிக்கல் வரும். அதனால் ஓய்வுக்கு அரை வருடம் முன்பே சம்பளத்தில் அந்தப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அப்புறம், கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்ததைக் காட்டும் எல்564 படிவத்தில் கம்பெனியின் கையெழுத்து வாங்கி, பார்ட் பி விண்ணப்பத்தோடு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு அனுப்பினேன். அபராதம் இல்லாமல் பார்ட் பி-யில் சேர வேலை முடிந்து 8 மாதம் அவகாசம் உண்டு. கோப்ரா (வேலை விட்ட பிறகும் கம்பெனி இன்ஷூரன்ஸை நம் செலவில் தொடர்வது) எடுத்தாலும் அந்த அவகாசம் நீளாது.