சென்னைக்கு இடம்பெயர்ந்த பழங்குடிக் குடும்பங்களுக்கு உதவ: சான்றிதழ், ரேஷன், பள்ளி

திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதிகளிலிருந்து வேலை தேடிச் சென்னைக்கு வரும் இருளர் குடும்பங்களுக்கு உதவ முனைவோர், முதலில் சாதிச் சான்றிதழைக் கவனிக்க வேண்டும். பழங்குடியினருக்கு இதை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது, தந்தையின் அல்லது இரத்த உறவினரின் சான்றிதழ் இருந்தால் தவறாமல் இணையுங்கள். ஆதாரில் ‘முனியம்மா’ என்றும் குடும்ப அட்டையில் ‘முனியம்மாள்’ என்றும் இருந்தால், அந்த ஓரெழுத்துக்காகவே மனு திரும்பி வரக்கூடும் என்பதால், பெயர்களை எழுத்துக்கூட்டிச் சரிபாருங்கள். பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினரும் 2023 ஜனவரி முதல் பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர்.

ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடியினருக்கு நிலை வேறு: அவர்களது சான்றிதழ் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஆயினும், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொந்த ஊரில் பெற்ற அட்டையைக் கொண்டே இங்குள்ள ரேஷன் கடையில் தானியம் பெறலாம். செங்கல் சுமந்து ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்காவிட்டால், கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வைக்கச் சொல்லுங்கள். அவர்களை வெறும் பையோடு திரும்ப விடாதீர்கள்.

பிள்ளைகளின் படிப்பு எந்தத் தாளுக்காகவும் காத்திருக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லையென்று பள்ளிகள் சேர்க்கையை மறுப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. நாளைக் காலையே அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள்.