வைஃபை பெயரில் தென்னை மரம், பாஸ்வேர்டில் இதயம்: எங்கே மாட்டிக்கொள்கிறோம்?

வீட்டு வைஃபைக்கு ஒருமுறை தென்னை மர எமோஜியைப் பெயராக வைத்தேன். போனும் லேப்டாப்பும் உடனே சேர்ந்துகொண்டன. பிரிண்டரின் குட்டித் திரையில் மட்டும் மரம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கேள்விக்குறிகள் நின்றன. நான்கு வந்ததற்குக் காரணம் உண்டு. நம் கண்ணுக்கு ஒரே மரம், ஆனால் எழுத்துகளைக் கணினி சேமித்துவைக்கும் யூடிஎஃப்-8 முறையின் கணக்கில் அது 4 பைட்.

வைஃபை பெயருக்கு மொத்தமே 32 பைட்தான் இடம். அதாவது எட்டு மரம். தமிழில் பெயர் வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மெய்யின் புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனித்தனியாக 3 பைட் பிடிக்கும். 'எங்கள் வீடு' என்று வைத்தாலே, நடுவில் உள்ள இடைவெளியோடு 31 பைட் ஆகிவிடும். அதன் பின்னால் ஒரு 5 போடலாம், ஒரு பூ போட முடியாது.

பெயர் தப்பாகத் தெரிந்தால் எரிச்சல்தான். பாஸ்வேர்டில்தான் உண்மையான சிக்கல். வைஃபைக்குப் பூட்டுப்போடும் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். எல்லாமே ஆங்கில கீபோர்டில் உள்ள எழுத்து, எண், குறிகளாக இருக்க வேண்டும். எமோஜியை மறுக்கும் ரவுட்டர் நல்ல ரவுட்டர். ஏற்றுக்கொண்டுவிட்டால், எந்தக் கருவி அதை எப்படிப் படிக்கும் என்று சொல்ல முடியாது.

சிவப்பு இதயத்தையே பாருங்கள். அது தனியாக வந்தால் 3 பைட். 'வண்ணத்தில் காட்டு' என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் 6 பைட். பல திரைகளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாஸ்வேர்டு சரிபார்க்கும் இடத்துக்கோ இரண்டும் வேறு வேறு. சரியாகத்தானே அடித்தோம் என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

எமோஜிகள் 3,000-க்கு மேல் இருப்பதால் யாராலும் ஊகிக்க முடியாது என்பார்கள். உங்களாலேயே அடிக்க முடியாத இடம் ஒன்று வருமே! லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்ததும் வரும் லாகின் திரையில் எமோஜி கீபோர்டு இல்லாமல் போகலாம். டிவி ரிமோட்டிலும் அதே கதை. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து ஆங்கில எழுத்தில் வையுங்கள், எங்கேயும் அடிக்கலாம்.

சரி, ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்? ரவுட்டரை லேன் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம். ரீசெட் துளையில் ஊசியை வைப்பது கடைசி வழி. அதற்கு முன் இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ரீசெட் செய்தால் அவையும் அழிந்துவிடும்.