"எனக்கு ஒன்றுமில்லை": புற்றுநோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுத்த கீமோ என்றைக்கு, போன தடவை இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் எவ்வளவு இருந்தன என்பதெல்லாம் கூட இருப்பவருக்கு மனப்பாடம். "உங்கள் பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று அவரிடம் கேட்டால் பதில் வராது. நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான். "அவருக்குச் சிகிச்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தன் மாத்திரையையும் பரிசோதனையையும் தள்ளிப்போடுவது. சிகிச்சையோ மாதக்கணக்கில் போகும், சிலருக்கு வருடக்கணக்கில். கவனிக்காமல் விட்ட சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதுவரை சும்மா இருக்காது.

கவலை மனசோடு நின்றுவிடும் என்று நினைப்பதும் தவறு. பயம் வந்தால் உடலில் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், இதயத் துடிப்பு கூடும், இரத்த அழுத்தம் ஏறும். பயம் போனதும் எல்லாம் அடங்க வேண்டும். ஆனால் பயமே வீட்டுக்குள் குடியிருந்தால் எங்கே அடங்குவது? நோயெதிர்ப்பு அணுக்கள் உடலுக்குள் கிளப்பும் அழற்சியை (வீக்கம், எரிச்சல் போன்றவை) கட்டுக்குள் வைப்பதும் கார்டிசோலின் ஒரு வேலை. 2002-ல் வந்த ஓர் ஆய்வில், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளுடைய பெற்றோரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த இரத்தத்தில் கார்டிசோல் போன்ற மருந்தைக் கலந்தும், நோயெதிர்ப்பு அணுக்கள் அழற்சியைக் கிளப்புவது எதிர்பார்த்த அளவு அடங்கவில்லை. மூளைப் புற்றுநோயாளிகளின் குடும்பத்தாரை ஓராண்டு கவனித்த 2009 ஆய்வில், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு ஏறிக்கொண்டே போனது. ஸ்வீடனில் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வு, புற்றுநோயாளிகளின் கணவன், மனைவியருக்கு இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம் என்றது.

அதனால் நெஞ்சை அழுத்துகிறது, மூச்சு வாங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் "தூக்கம் இல்லை, அதனால்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள அந்த நேரத்துக்கு யாராவது கிடைப்பார்கள்.

தூக்கம் வரவில்லை, இடுப்பு வலிக்கிறது என்று நோயாளியின் மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அது அவருடைய உடம்புக்கும் அவருடைய வலிக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்த மருந்து. இடுப்பு வலிக்குப் பல நேரம் காரணம், குனிந்து முதுகின் பலத்தில் அவரைத் தூக்குவதுதான். எப்படித் தூக்குவது என்று நர்ஸிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

சளி, காய்ச்சலை மறைத்துக்கொண்டு கடமை செய்வது தியாகம் இல்லை. கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவருக்கு உங்கள் சாதாரணக் காய்ச்சலே ஆபத்தாகலாம். அந்த நாட்களில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். வேறு வழியே இல்லையென்றால் மாஸ்க் போடுங்கள், கையை அடிக்கடி கழுவுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று சொந்தக்காரர் கேட்பார். "பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அப்படிச் சொல்லாதீர்கள். "புதன்கிழமை ராத்திரி நீங்கள் கூட இருங்கள்" என்று நாளையும் வேலையையும் சொல்லிக் கேளுங்கள். வாரத்தில் ஓரிரு இரவாவது இடையில் எழாமல் தூங்கக் கிடைத்தால், அது உங்களுக்குக் கிடைத்த மருந்துதான்.

உங்களுக்காக டாக்டரிடம் போகும்போது, வீட்டில் புற்றுநோயாளியைப் பார்த்துக்கொள்வதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். சிகிச்சை முடிந்த பிறகும், அல்லது அவரை இழந்துவிட்ட பிறகும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். அலைச்சல் நின்ற அன்றே உடம்பு பழையபடி ஆகிவிடாது.