முதல் சிங்கிளின் வரலாறு எழுதப்போகிறீர்களா? தட்டை எடுங்கள்

ஒரு பாடகரின் அல்லது குழுவின் முதல் சிங்கிளை, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்த சின்ன ரிக்கார்டு தட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேட்டிகளில்தான் தொடங்குகிறார்கள். நான் மயிலாடுதுறையில் ரேடியோவும் ரிக்கார்டு பிளேயரும் பழுதுபார்க்கிறவன். தட்டைத்தான் முதலில் நம்புவேன். நாற்பது வருஷம் கழித்து ஆள் சொல்லும்போது தேதி இடம் மாறிவிடும். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் அச்சானது மாறாது.

உதாரணத்துக்கு இங்கிலாந்துப் பாட்டுக் குழு பீட்டில்ஸின் 'லவ் மீ டூ'வை வைத்துக்கொள்கிறேன். என்னிடம் உள்ள பிரதி, நாகப்பட்டினத்துக்கு ரஜூலா கப்பல் வந்துகொண்டிருந்த காலத்தில் பினாங்கிலிருந்து டிரங்குப் பெட்டியில் வந்தது. கூத்தாநல்லூர், திருவாரூர்ப் பக்கம் கப்பலேறிப் பிழைத்தவர்களின் வீட்டுப் பரணில் இப்படிப்பட்ட இங்கிலீஷ் தட்டுகள் இன்னும் கிடக்கும். போய்க் கேளுங்கள்.

எடுத்ததும் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூஞ்சை பிடித்திருக்கும், அதோடு ஓட்டினால் ஊசியும் போச்சு, தட்டும் போச்சு. லேபிள் நனையாமல், சுத்தமான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் கோடுகள் போகும் வட்டத்திலேயே துடையுங்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய 78 தட்டாக இருந்தால் ஸ்பிரிட் பக்கமே போகக்கூடாது. அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும்.

அப்புறம், எதை முதல் தட்டு என்று கொள்ளப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். 1961இல் ஹாம்பர்க்கில் டோனி ஷெரிடன் பாட, பீட்டில்ஸ் பின்னணி வாசித்த 'மை போனி' ஜெர்மனியில் பாலிடார் கம்பெனித் தட்டாக வந்தது. அதில் இவர்கள் பெயர் 'பீட் பிரதர்ஸ்'. தாங்களே எழுதித் தாங்களே பாடிய முதல் சிங்கிள் என்றால் 'லவ் மீ டூ'தான்: 1962 அக்டோபர் 5, பார்லோபோன் கம்பெனி, தட்டு எண் ஆர் 4949. நீங்கள் எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டால் பாதி சண்டை குறையும்.

இப்போது லேபிள். இங்கிலாந்தில் முதலில் அச்சானது சிவப்பு லேபிள், கறுப்பு லேபிள் பின்னால் வந்தது. பாட்டின் பதிப்புரிமை ஆர்ட்மோர் அண்ட் பீச்வுட் நிறுவனத்தின் பெயரில் இருக்கும்; குழுவில் பாட்டு எழுதிய லெனன், மெக்கார்ட்னி இருவரின் பாட்டுகளுக்கான நார்தர்ன் சாங்ஸ் நிறுவனம் 1963இல்தான் தொடங்கியது. ஒளிபரப்புக்காரர்களுக்குக் கொடுக்க அடித்த 250 பிரதிகளில் மெக்கார்ட்னியின் பெயரில் ஒரு எழுத்தே விட்டுப்போயிருக்கிறது. பிழை என்று திருத்தி எழுதாதீர்கள், அந்தப் பிரதிகளை அடையாளம் காட்டுவதே அந்தப் பிழைதான்.

பாட்டு முடிந்த பிறகு லேபிள் வரை இருக்கும் வெற்று வளையத்தையும் பாருங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பொறித்த எண் தெரியும். அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து காது. இந்தப் பாட்டுக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் அதே வருஷம் மூன்று தடவை பதிவானது. ஜூன் 6 அன்று டிரம்ஸ் வாசித்தவர் பீட் பெஸ்ட். செப்டம்பர் 4 அன்று அவர் இடத்துக்கு வந்த ரிங்கோ ஸ்டார். செப்டம்பர் 11 அன்று கூலிக்கு வாசிக்கும் ஆண்டி வைட்டை உட்காரவைத்து, ரிங்கோ கையில் டாம்பரினைக் கொடுத்துவிட்டார்கள். அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்! கச்சேரியில் கஞ்சிராவின் சலங்கைத் தகடு குலுங்குவது போல அந்த டாம்பரின் தாளத்தோடு கிணுகிணுக்கும். அது கேட்டால் ஆண்டி வைட் வடிவம், கேட்காவிட்டால் ரிங்கோ. சிவப்பு லேபிளில் ரிங்கோ, பல பாட்டுகள் சேர்ந்து வந்த 1963 எல்.பி. தட்டில் ஆண்டி வைட். செப்டம்பர் 4 பதிவின் மூல டேப் இன்று இல்லை. பிற்காலத்தில் அந்த வடிவத்தை வெளியிட ஒரு தட்டிலிருந்துதான் ஒலியை எடுத்தார்கள். 2012இல் ஐம்பதாம் ஆண்டுக்கு மறுபதிப்பு அடித்தபோது ரிங்கோவுக்குப் பதில் ஆண்டி வைட் வடிவமே ஏறிவிட, அந்தத் தட்டுகளைத் திரும்பப்பெற நேர்ந்தது. கம்பெனிக்கே குழம்புகிறது என்றால் நீங்கள் இரண்டு தடவை கேட்பதில் தப்பில்லை.

பதிவான நாள், வெளியான நாள், விற்பனைப் பட்டியலில் ஏறிய நாள் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். இங்கிலாந்தில் இந்தப் பாட்டு எட்டியது 17ஆம் இடம். அமெரிக்காவில் டோலி என்ற கம்பெனிப் பெயரில் 1964இல் வந்து முதலிடம் பிடித்தது. குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் பத்தாயிரம் பிரதிகளைத் தானே வாங்கிப் பட்டியலில் ஏற்றிவிட்டார் என்று ஒரு கதை உண்டு, அவர் மறுத்தார். கதையை எழுதினால் மறுப்பையும் சேர்த்து எழுதுங்கள்.

நம் பக்கத்துப் பாடகர், நாகஸ்வர வித்வான் யாருடைய முதல் தட்டுக்கும் இதே வழிதான். என்ன, 78 தட்டில் பெரும்பாலும் வருஷம் அச்சிட்டிருக்க மாட்டார்கள். தட்டு எண்ணை வைத்து, அந்தக் காலப் பத்திரிகைகளில் வந்த ரிக்கார்டு விளம்பரங்களைத் தேட வேண்டும். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகள் நிறைய இருக்கின்றன. ரயிலேறும் முன் லேபிளின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் விழுப்புரம் தாண்டுவதற்குள் உடைந்துவிடும்.