பாயே படகு: வீடியோ அழைப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாட

இலங்கையில் திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் என் வீட்டில் பகலில் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மூதூரில் என் தோழி ஒருவரும் இதையே செய்கிறார். இரண்டு ஊருக்கும் நடுவில் கொட்டியாரக்குடாக் கடல். வீடியோ அழைப்பில் கையசைப்பதோடு நிற்காமல் இருபக்கப் பிள்ளைகளும் ஒரே விளையாட்டை விளையாட முடியும். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

முதலில் பெற்றோரின் சம்மதத்தைப் பெறுங்கள். எதையும் பதிவு செய்யாதீர்கள்.

அடுத்து, இரு வீடுகளிலும் ஒரே பொருட்களை எடுத்து வையுங்கள்: ஒரு பாய், நாலைந்து சிரட்டைகள், ஒரு தும்புத்தடி (நீளக் கைப்பிடியுள்ள துடைப்பம்). கடையில் வாங்கிய விளையாட்டுக் கோப்பை வேண்டாம். அது கோப்பையாக மட்டுமே இருக்கும். சிரட்டை தேநீராகும், விளக்காகும், மீனாகும். குச்சியைக் குதிரையாக்கும் பிள்ளை, பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரிக்கப் பழகுகிறது என்று ருஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி விளக்கியிருக்கிறார்.

கைபேசியைக் கையில் பிடிக்காதீர்கள். தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கண் மட்டத்தில், அரிசி டின்னில் சாய்த்து வையுங்கள். ஜன்னல் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகங்கள் இருண்டுவிடும்.

இனி விளையாட்டு. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது மூதூர்ப் படகு. பாய் படகு, தும்புத்தடி துடுப்பு, திரைதான் இறங்குதுறை. முதல் நாள் என் வீட்டு நாலு வயதுக்காரி சிரட்டையைக் கேமராவோடு ஒட்டி, "தேநீர், பிடியுங்கள்" என்றாள். அங்கே திரை முழுக்கக் கறுப்பு. தோழி மெதுவாகத் தன் பக்கத்துச் சிரட்டையை ஒரு பையனின் கையில் வைத்தார். அவன் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "சீனி காணாது" என்றான். இவள் உடனே சீனி தேடி ஓடினாள்.

பெரியவரின் வேலை அவ்வளவுதான்: ஒரு பக்கம் நடப்பதை மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிள்ளை திரைக்கு வெளியே எதையாவது சுட்டிக்காட்டி "இதோ" என்றால் அங்கே தெரியாது; "அவள் பெட்டியில் மீன் வைத்திருக்கிறாள்" என்று சொல்லுங்கள். கதையை நீங்கள் ஓட்டாதீர்கள். இணைப்பு திணறினால் "கடலில் அலை, படகு ஆடுகிறது" என்று சமாளிக்கலாம்.

15 நிமிடம் போதும். 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு 1 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல்.

அழைப்பு முடிந்ததும் பாயைச் சுருட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அன்று மத்தியானச் சோறும் படகிலேதான் பரிமாறப்பட்டது.