மழைக்கு முன்னே மொட்டை மாடி: மும்பைக் கடைக் கட்டிடத்துக்கு ஒரு செய்முறை

சயான் பக்கம் எங்கள் மூன்று மாடிக் கட்டிடத்தில் பதினெட்டு கலாக்கள் இருக்கின்றன. (கலா என்றால் இங்கே பட்டறைக்கு விடும் அறை. ஊரிலிருந்து வந்த புதிதில் "யார் அந்தக் கலா?" என்று கேட்டவன்தான் நானும்.) கமிட்டியில் வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் ஐந்து வருஷமாக மொட்டை மாடி என் பொறுப்பு. கொத்தனார் வேலை எனக்குத் தெரியாது. தளம் ஒழுகாமல் இருக்க எதை, எப்போது, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது மட்டும் பட்டுப்பட்டுத் தெரிந்தது. உங்கள் கட்டிடத்திலும் யாராவது இந்தச் சாவியை உங்கள் கையில் திணித்திருந்தால் இது உதவும்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் தளம் 200 சதுர மீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை மும்பைக்குப் புதிதில்லை. அப்படிப் பெய்தால் ஒரு மணி நேரத்தில் 10,000 லிட்டர், ஒரு டேங்கர் தண்ணீர், தலைக்கு மேலே விழுகிறது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் பதிவான 944 மில்லிமீட்டரைப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 1,90,000 லிட்டர். இத்தனையும் இரண்டு குழாய் வாய் வழியாக இறங்கியாக வேண்டும்.

1. நாளைக் குறியுங்கள்

மும்பைக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வரும். 2025-இல் மே 26-ஆம் தேதியே வந்து எல்லாரையும் நனைத்துவிட்டது. ஆகவே மார்ச் கடைசியில் ஆரம்பித்து மே 15-க்குள் முடித்துவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் கொத்தனார் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் கூலி இரட்டிப்பு. அப்புறம் நீலத் தாட்பத்ரி, அதாவது நம்மூர் தார்ப்பாய், வாங்கி மூட வேண்டியதுதான்.

2. பெருக்குங்கள், குழாய் வாயைத் திறங்கள்

பாதி ஒழுக்கு இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கட்சி. பழைய ஏசி அட்டை, உடைந்த ஓடு, யாரோ வைத்துவிட்டுப் போன சோபா எல்லாம் கீழே இறங்கட்டும். பிறகு கட்டைச்சுவர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, ஜாலியை, அதாவது குழாய் வாயை மூடும் சல்லடை மூடியை, கழற்றிக் குழாய் வாய்க்குள் கையை விடுங்கள், கையுறையோடு. போன ஏப்ரலில் எங்கள் வடமேற்கு மூலையில் வந்தவை: புறா இறகு ஒரு பிடி, சங்கராந்திக் காற்றாடியின் மாஞ்சா நூல் சுருள் சுருளாக, ஒன்றுக்குள் ஒன்று செருகிய நான்கு பிளாஸ்டிக் டீ டம்ளர், அடியில் சிமெண்ட் மாதிரி இறுகிய கறுப்பு வண்டல். நூல்தான் வில்லன். மற்ற எல்லாவற்றையும் வலைபோட்டுப் பிடித்து வைத்திருந்தது அதுதான்.

வாரிய பிறகு இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, கீழே ஒருவரை நிறுத்திக் குழாய் முனையில் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜாலி உடைந்திருந்தால் கவிழ்த்த கிண்ணம் போல மேலே புடைத்து நிற்கும் வகையை வாங்கிப் போடுங்கள். தட்டையான ஜாலியை ஒரே ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துவிடும்.

3. வாட்டம் பாருங்கள்

மொட்டை மாடி தட்டையாகத் தெரியும், ஆனால் தட்டையாக இருக்கக் கூடாது. குழாய் வாயை நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிய வேண்டும். ஊரில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி, தட்டோடு பதிப்பார்களே, அதே வேலையை இங்கே செங்கல் துண்டும் சிமெண்டும் வைத்துச் செய்கிறார்கள். கோபா என்று பெயர். கோபா அங்கங்கே அமுங்கும். காலையில் ஹோஸ் பைப்பால் தளம் முழுக்க நனையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அதைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

4. தட்டிக் கேளுங்கள்

தளம் காய்ந்ததும் சின்னச் சுத்தியலால் அடிக்கு ஒரு தட்டு, தேங்காய் வாங்கும்போது தட்டுகிற மாதிரி. 'டிங்' என்றால் பிடிப்பு இருக்கிறது. 'பொத்' என்றால் மேல்பூச்சு அடியிலிருந்து விட்டுவிட்டது. அங்கே எத்தனை கோட்டிங் (தண்ணீர் இறங்காமல் தடுக்கத் தளத்தின் மேல் பெயிண்ட் மாதிரி அடிப்பது) அடித்தாலும் பூச்சோடு சேர்ந்து உரிந்து வரும். அந்த இடத்தைச் சாக்கட்டியால் வேறு நிறத்தில் குறியுங்கள்.

வெடிப்பையும் இப்போதே பாருங்கள். எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. மயிரிழை வெடிப்பு கோட்டிங்கில் மூடிப்போகும். வெயிலுக்கு விரிந்து ராத்திரி சுருங்குகிற வெடிப்பு வேறு. சந்தேகமானால் வெடிப்பின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பொட்டு வைத்து இரண்டு வாரம் விடுங்கள். பொட்டு பிளந்தால் வெடிப்பு அசைகிறது. அதில் சிமெண்ட் வைப்பது வீண். ரப்பர் மாதிரி இழுபடும் பாலியூரிதேன் சீலன்ட்தான் தாங்கும்.

5. கறையை நம்பாதீர்கள்

இது படி இல்லை, நான் கட்டிய அபராதம். இரண்டாம் வருஷம் மேல்மாடித் தையல் பட்டறையில் கூரை மூலையில் பழுப்புக் கறை. நேர் மேலே தளத்தைக் கொத்தி, பூசி, கோட்டிங் அடித்தோம். அடுத்த மழையில் அதே கறை, இன்னும் பெரிதாக. மறுபடியும் கொத்தினோம். மூன்றாவது தடவை தாராவியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், திருநெல்வேலிக்காரர், நாற்பது வருஷக் கொத்தனார். கீழே போய்க் கறையைப் பார்த்தார், மேலே வந்து பீடி பற்றவைத்தார். "கறை தெரியுற எடத்துலதான் ஓட்டை இருக்கும்னு ஒமக்கு யாருவே சொன்னா?" என்றார்.

நேராகப் போய் பன்னிரண்டு அடி தள்ளி நின்ற ஏசி ஸ்டாண்டை ஆட்டினார். போல்ட் அசைந்தது. அதைச் சுற்றி ஒரு விரற்கடை இடைவெளி. கோபாவுக்கு அடியில் போன தண்ணீர் கான்கிரீட் மேலேயே வழிந்து, இளைத்த இடம் பார்த்து இறங்கியிருக்கிறது. ஸ்டாண்டை மாட்டிய ஆள் தளத்தில் துளை போட்டுவிட்டுப் போனதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

அதனால் சமதளத்தைவிடத் தளத்தைத் துளைத்து நிற்பவற்றையும் ஓரங்களையும் சந்தேகியுங்கள்: குழாய் அடி, டேங்க் மேடை, விளம்பரப் பலகைக் கால், கேபிள் நுழையும் ஓட்டை, கட்டைச்சுவர் தளத்தைத் தொடும் மூலை. இப்போது எங்கள் ஏசி ஸ்டாண்டெல்லாம் கான்கிரீட் கட்டை மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. தளத்தில் துளைபோட அனுமதி இல்லை.

6. பழுது பாருங்கள்

'பொத்' இடங்களை உறுதியான பரப்பு வரும்வரை கொத்தி எடுத்து, பாலிமர் கலந்த கலவையால் பூசி, ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு ஆற்றுங்கள். பள்ளங்களையும் இதே கையோடு நிரப்பி வாட்டம் கொடுங்கள். வெடிப்பை V வடிவத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலம், ஆழத்துக்கு வெட்டி, தூசி ஊதி, அடைக்க வேண்டும். கட்டைச்சுவர் மூலையில் செங்கோணம் இருக்கக் கூடாது; கலவையால் உருட்டி வளைத்துவிடுங்கள். இங்கே இதற்கு வட்டா என்று பெயர்.

அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே வெட்டுவது பிரயோஜனமில்லை, இரண்டாகத் துளிர்க்கும். வேரோடு எடுத்து அந்த இடுக்கைப் பூச வேண்டும். எங்கள் கமிட்டியில் அரசை வெட்ட ஒருவருக்கும் மனசு வரவில்லை. பெயர்த்து ஒரு தொட்டியில் வைத்தோம், நன்றாகவே இருக்கிறது.

கான்கிரீட் உரிந்து கம்பி தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். கடற்காற்றின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது, துரு வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. இது பொறியாளர் பார்க்க வேண்டியது. 30 வயது தாண்டிய கட்டிடத்துக்கு இங்கே கட்டமைப்புத் தணிக்கை சட்டப்படியே கட்டாயம்.

7. கோட்டிங்

ஈரத் தளத்தில் அடித்தால் கொப்புளம் நிச்சயம். 45 சென்டிமீட்டர் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி முழுக்க, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் இருந்தால் இன்னும் காய வேண்டும். பிறகு பிரைமர், அதன் மேல் இரண்டு கை. முதல் கை கிழக்கு மேற்கு என்றால் இரண்டாவது தெற்கு வடக்கு. மூலைகளிலும் குழாய் அடியிலும் இடையில் ஃபைபர் வலை வையுங்கள். கட்டைச்சுவரில் ஒரு அடி உயரம் ஏற்றுங்கள். உச்சி வெயிலில் அடிக்காதீர்கள், டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியைக் குறைக்காதீர்கள். தண்ணீர் தேங்கும் தளத்தில் அக்ரிலிக் நீண்ட நாள் நிற்காது. பாலியூரிதேன் விலை கூட, ஆனால் தாங்கும்.

8. தண்ணீர் கட்டிப் பாருங்கள்

கோட்டிங் முழுக்க ஆறியதும் குழாய் வாயை அடைத்து, 25 மில்லிமீட்டர் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். 200 சதுர மீட்டருக்கு அது 5 டன் எடை, ஆகவே பழைய கட்டிடமென்றால் பொறியாளரைக் கேட்காமல் வேண்டாம். குடிதண்ணீர் வெட்டு இருக்கும் மாதத்தில் போர்வெல் தண்ணீரே போதும். காலை, மாலை கீழே போய்க் கூரையைத் தடவிப் பாருங்கள். முடிந்ததும் அடைப்பை எடுக்க மறக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், மறந்திருக்கிறோம்.

9. மழை மாதங்களில்

வாரம் ஒரு தடவை குழாய் வாய். பெருமழை நின்று அரைமணி கழித்து ஒரு தடவை. பாசி வழுக்கும், தனியாகப் போகாதீர்கள். பக்கத்துத் தகரக் கூரைக்குத் தாண்டவே தாண்டாதீர்கள்.

மாடிச் சாவியை வாட்ச்மேன் அறையில் ஆணியில் மாட்டுங்கள். ஒரு ஜூலை ஞாயிறு ராத்திரி தளத்தில் கணுக்கால் தண்ணீர், கீழே தையல் பட்டறையில் துணி பேல்கள், சாவியோ செயலாளரின் பையில். அவர் கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டை போயிருந்தார். பூட்டை உடைத்த 350 ரூபாயை இன்னும் கணக்கில் எழுதவில்லை.